வாசல் சிலாப்பின் எடை 1,350 கிலோ

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டின் முகப்பு 20 அடி என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் 6. வாசலை ஒட்டித் தெருக் கால்வாய் ஓடுகிறது. அதன் மேல் 3 அடி அகலம், 4 அங்குலக் கனத்தில் கம்பி கட்டி ஒரே சிலாப்பாக ஊற்றினால் 0.54 கனமீட்டர் கான்கிரீட் பிடிக்கும். கம்பி போட்ட கான்கிரீட் கனமீட்டருக்கு 2,500 கிலோ. ஆக, வாசலில் கிடப்பது 1,350 கிலோ. அதைக் கையால் தூக்க ஆள் கிடையாது. கிரேன் அந்தத் தெருவுக்குள் வராது. கால்வாயைத் தூர் வார வேண்டுமென்றால் உடைப்பது ஒன்றே வழி.

அதே அளவு கான்கிரீட்டை 2 அடிக்கு ஒரு துண்டாகப் பிரித்து ஊற்றினால் 10 துண்டு கிடைக்கும். ஒரு துண்டு 135 கிலோ. கயிறும் கடப்பாரையும் இருந்தால் நான்கு பேர் தூக்கி ஓரம் வைத்துவிடலாம். இரண்டுக்கும் உள்ள செலவு வித்தியாசம் இவ்வளவுதான்:

கான்கிரீட்: ஒரே சிலாப் என்றால் 0.54 கனமீட்டர்; பத்துத் துண்டு என்றாலும் 0.54.
சிமென்ட்: இரண்டுக்கும் ஏறத்தாழ நாலரை மூட்டை.
தூக்கும் கொக்கி: ஒரே சிலாப்புக்கு இல்லை, துண்டுக்கு இரண்டு வீதம் 20.
கொக்கிக் கம்பி: 10 மி.மீ. கம்பி, ஒன்றுக்கு 40 செ.மீ. வீதம் 8 மீட்டர், எடை 5 கிலோ.
கம்பி கிலோ 70 ரூபாய் என்று போட்டால்: 350 ரூபாய்.

இடையில் தடுக்க ஒன்பது பலகைத் துண்டு வேண்டும். கொத்தனாருக்குக் கூடுதலாக ஒரு மணி நேர வேலை. சாக்கடை மேல் கட்டுவது பற்றிய சட்டங்களை எத்தனை பக்கம் புரட்டினாலும், ஒரு சாதாரண வீட்டுக்காரரிடம் அவை கேட்பது பெரும்பாலும் இந்த 5 கிலோ கம்பியைத்தான். மூடக்கூடாது என்பதைவிட, திறக்க முடியாதபடி மூடக்கூடாது என்பதே அவற்றின் சாரம்.

ஆனாலும் ஒரே சிலாப்பாகத்தான் ஊற்றுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு, அதைக் கேலி செய்வதில் பொருள் இல்லை. துண்டுச் சிலாப் வண்டி ஏறும்போது ஆடும், சத்தம் போடும். இடுக்கில் எலி வரும், நாற்றம் வரும். நெசவாளர் வீட்டுக்கு வாசல் தொழில் செய்யும் இடமும்கூட. ரவிக்கைத் துணியோடு ஒரு சேலை 6 மீட்டருக்குச் சற்று மேலே போகும். மூன்று சேலைக்குப் பாவு நீட்டினால் 19 மீட்டர். முகப்பு 20 அடி உள்ள வீடுகளில் மூன்று வாசல் தாண்டிப் போகும் நீளம். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது காலடியில் மேடுபள்ளமும் இடுக்கும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒருவர் நினைப்பது இயல்பு. படி, திண்ணை, சிலாப், அதன் மேல் டைல்ஸ் என்று ஒவ்வொன்றாக வருவது அப்படித்தான்.

சிலாப்புக்கு அடியில் நடப்பதற்கும் கணக்கு உண்டு.

கால்வாய் 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 500 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்று எடுத்துக்கொள்கிறேன். சிமென்ட் பூசிய கால்வாய்க்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் மேனிங் சூத்திரத்தில் போட்டால், முழுக்க ஓடும்போது நொடிக்கு 240 லிட்டர் கடத்தும். அடியில் 30 செ.மீ. தூர் சேர்ந்துவிட்டால்? ஆழம் பாதி, ஆகவே ஓட்டமும் பாதி என்று தோன்றும். இல்லை. நீர் மெலிந்தால் சுவர்களின் இழுவை மிகும், வேகம் குறையும். கிடைப்பது நொடிக்கு 102 லிட்டர். தூரின் சொரசொரப்பையும் சேர்த்தால் இன்னும் குறையும்.

மணிக்கு 5 செ.மீ. மழை என்பது வடகிழக்குப் பருவத்தில் நமக்குப் புதிதல்ல. வீடும் தெருவுமாக அடைந்துவிட்ட ஒரு ஹெக்டேர் பரப்பில் விழும் மழையில் ஐந்தில் நான்கு பங்கு ஓடிவரும் என்று கொண்டால், நொடிக்கு 111 லிட்டர். தூர் இல்லாத கால்வாய் இரண்டு ஹெக்டேருக்கு மேல் தாங்கும். பாதி தூர்ந்த கால்வாய் ஒரு ஹெக்டேரைக்கூடத் தாங்காது. மிச்சம் தெருவில் நிற்கும். இது மணிக்கு 5 செ.மீ.க்கான கணக்கு. 2015 டிசம்பர் தொடக்கத்தில், அன்று காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் இருந்த செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 செ.மீ. பெய்தது, தாம்பரத்தில் 49. அந்த மழைக்கு எந்தத் தெருக் கால்வாயும் காணாது, அதற்காக யாரும் அதைக் கட்டுவதும் இல்லை. நம் கால்வாய்கள் தோற்பது அதைவிட மிகச் சிறிய மழையில்.

ஒரு வாசலுக்கு அடியில் சேரும் அந்த 30 செ.மீ. தூர் 0.81 கனமீட்டர், அதாவது 28 கன அடிக்கு மேல். பாண்டுக்கு அரைக் கன அடி என்றால் 57 பாண்டு. திறந்தால் ஓர் ஆள் அரை நாளில் அள்ளிவிடக்கூடியது. திறக்க முடியாவிட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். மேல்தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் ஒழுங்காகத் துண்டுச் சிலாப் போட்டிருந்தாலும், கீழே ஒரே ஒருவர் இறுக மூடிவிட்டால் தண்ணீர் அங்கே தேங்கி மேலே ஏறும். மூடியவர் வாசல் காய்ந்திருக்கும்.

காஞ்சிபுரத்தில் இந்தக் கணக்கு இன்னொரு படி உள்ளே போகிறது, வீட்டுக்குள்ளேயே. நெசவு இல்லாத ஊர்களில் அந்தப் படி கிடையாது.

இங்கே பழைய தறி குழித்தறி. நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். குழி இரண்டு முதல் மூன்று அடி ஆழம். இரண்டரை அடி என்று கொள்வோம்: 76 செ.மீ. வீட்டுத் தரை தெருவைவிட 45 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்சமும் அதுவே. அப்படியானால் குழியின் அடி, தெரு மட்டத்துக்குக் கீழே 31 செ.மீ.

கால்வாயின் ஆழம் 60. பாதி தூர்ந்தால் தூரின் மேல்மட்டம் தெருவுக்குக் கீழே 30 செ.மீ. அதாவது தூர் மட்டமும் தறிக்குழியின் அடியும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. அதற்குமேல் ஓடுகிற ஒவ்வொரு விரற்கடைத் தண்ணீரும் குழிக்கு மேலேதான் ஓடுகிறது. நடுவில் இருப்பது செங்கல் சுவர் அஸ்திவாரமும் கொஞ்சம் மண்ணும். மழை நின்று பல நாள் ஆன பிறகும் குழியில் ஈரம் ஊறுவதற்கு வேறு மர்மம் தேட வேண்டியதில்லை. தெருவுக்கு மேலும் ஒரு அடுக்குத் தார் போட்டு 15 செ.மீ. உயர்த்திக் கால்வாயையும் அதற்கேற்ப உயர்த்திக் கட்டினால், குழியின் அடி தெருவுக்குக் கீழே 46 செ.மீ. ஆகிவிடும். புதுக் கால்வாய் முக்கால் பங்கு காலியாக இருக்கும்போதே நீர்மட்டம் குழி மட்டத்தைத் தொடும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தார் போட வேண்டும் என்று ஊருக்கு ஊர் மக்கள் கேட்பதற்கு, நெசவுத் தெருக்களில் கூடுதலாக ஒரு நியாயம் இருக்கிறது.

நான்கடிக்கு மூன்றடி, இரண்டரை அடி ஆழம் உள்ள குழியில் நிரம்பினால் 850 லிட்டர் தண்ணீர். வாளியில் இறைத்துவிடலாம். ஆனால் ஈரம் போகாது. பட்டு ஈரத்தை உறிஞ்சும் நூல். விறைத்தும் தளர்ந்தும் நிற்கும் பாவில் அது தெரியும். மிதியும் கயிறும் ஊறிக் கிடக்கும். மழைக்காலத்தில் தறி நிற்பதற்குப் பெய்யும் மழையைவிட ஊறும் மழையே பெரிய காரணம். அந்த நாட்களின் கூலி இழப்பு கால்வாய்ப் பராமரிப்புச் செலவு என்று எந்தப் பட்ஜெட்டிலும் வராது.

சட்டத்துக்கு வருவோம். காஞ்சிபுரம் நகராட்சி ஆனது 1866-ல். அதற்கு ஒன்பது ஆண்டு கழித்து, 1875-ல், இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. நகர அமைப்பின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அதன் சாக்கடை மேல் புதிதாகக் கட்டினால் 5 பவுண்டு தண்டம். நோட்டீஸ் கொடுத்த பிறகும் நீடித்தால் நாளொன்றுக்கு 40 ஷில்லிங். அப்போது 20 ஷில்லிங் ஒரு பவுண்டு; மூன்றாம் நாளே கூடுதல் தண்டம் முதல் தண்டத்தைத் தாண்டி 6 பவுண்டு ஆகிவிடும். தண்டத் தொகையை மறந்துவிடலாம். நாள் கணக்கில் ஏறுகிற அந்த ஏற்பாடுதான் புத்திசாலித்தனமானது. கட்டியவனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு செலவு எழுதப்படுகிறது.

அந்தச் சிந்தனை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1920-ன் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நூறாண்டுக்கு மேல் நம் நகராட்சிகளை நடத்தியது. தெருவிலும் பொதுச் சாக்கடையிலும் நீட்டிக்கொண்டு நிற்பதை அகற்றச் சொல்லும் அதிகாரத்தை அது நகராட்சிக்குக் கொடுத்தது. இன்று அந்த இடத்தில் 1998-ன் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023-ல் அதற்கு வந்த விதிகளும் இருக்கின்றன. கட்டட அனுமதிக்கு 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். நீர்நிலையிலிருந்தும் நீரோட்டத்திலிருந்தும் 15 மீட்டருக்குள் கட்ட வருபவருக்கு அனுமதியை மறுக்கவோ, மாசு படாதபடி ஏற்பாடு செய்யச் சொல்லவோ அதிகாரிக்கு இடம் உண்டு. ஏரி குளத்துக்கு 2007-ல் வந்த ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் தனி. அரசு நிலத்துக்கு 1905-ன் நில ஆக்கிரமிப்புச் சட்டம் தனி. சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை.

இங்கிலாந்தில் இன்று புழங்கும் அளவுகளை நம் தெருவில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. பொதுக் கழிவுநீர்க் குழாயின் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டருக்குள் கட்ட வேண்டுமென்றால் குழாய்க்குச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். ஆள்நுழைக் குழியின் மேல் கட்டடம் கூடாது. கட்டடத்துக்கு அடியில் போகும் குழாய் 6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இப்போது நம் தெருவின் அகலமும் 20 அடி என்று வைப்போம்: நடுவில் பாதாள சாக்கடைக் குழாய் போனால், இரு பக்கமும் 3 மீட்டர் என்பது சரியாக வாசற்படியில் முடிகிறது. ஆக, தெரு நடுவில் குழாய் போகும்வரை, நாம் கேள்விப்படாத விதியையும் நம் தெரு தற்செயலாகக் காப்பாற்றிவிடுகிறது. திண்ணையையும் படியையும் தெருவில் இறக்கும்போதுதான் அந்த 3 மீட்டருக்குள் நுழைகிறோம். குழாய் தெருவை விட்டுப் பின்சந்தில் போகிற இடங்களில் நிலைமை வேறு. முதுகோடு முதுகாக நிற்கும் வீடுகளுக்கு நடுவில் ஐந்தடிச் சந்து. இருபுறமும் ஆளுக்கு இரண்டடி கழிப்பறை நீட்டினால் மிச்சம் ஓரடி.

குழாயே வராத வீடுகளுக்கு விதி இன்னும் கடுமையாக இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி செப்டிக் டேங்க் நீர் இறங்கும் உறிஞ்சு குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டர். 20 அடி அகல மனையில் அகலவாக்கில் 6 மீட்டர் விட்டால் அடுத்த வீட்டுச் சுவர்தான் வரும். நீளவாக்கில் பார்த்தால் கொல்லையில் கிணறு. வரிசை வீடுகள் உள்ள தெருவில் இந்த இரண்டு எண்களையும் ஒருசேரக் கடைப்பிடிக்க முடியாது. அதனால் என்ன நடக்கிறது என்றால், டேங்க்கின் மேல்நீர் தெருக் கால்வாய்க்குப் போகிறது. ஐந்து பேர் வீட்டுக்குத் தர நிர்ணயம் சொல்லும் டேங்க் ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம்; ஏறத்தாழ 1,100 லிட்டர். ஓராண்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை அள்ள வேண்டும் என்ற கணக்கில் போட்ட அளவு அது. அதன் மேல் படிக்கட்டு கட்டிய வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு.

காஞ்சிபுரத்தின் பழைய நகராட்சிப் பகுதிக்குப் பாதாள சாக்கடை 1970-களிலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு அது இன்னும் திட்டமாகவே இருக்கும்போது, இது பெருமைதான். 2011 கணக்கெடுப்பில் பழைய நகராட்சியின் மக்கள்தொகை 1,64,384. பாதாள சாக்கடை உள்ள ஊருக்குத் தலைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது மத்திய அரசின் கழிவுநீர்க் கையேட்டுக் கணக்கு. பெருக்கினால் நாளொன்றுக்கு 1 கோடியே 77 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 1,480 நடை. செவிலிமேடு, ஓரிக்கை, நத்தப்பேட்டை, தேனம்பாக்கம் எல்லாம் நகரோடு சேர்ந்து, 2021-ல் மாநகராட்சியாகி, 51 வார்டு ஆனபின் அந்த எண் இன்னும் பெரிது.

இதற்கு மேல் திருவிழா. 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் வைபவம். வந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்றார்கள். ஒரு கோடி என்றே வைத்தால் நாளுக்கு 2 லட்சத்து 8 ஆயிரம் பேர். பழைய ஊரின் மொத்த ஜனத்தொகையைவிட அதிகம். பொதுக் கழிப்பறையை மட்டும் பயன்படுத்தும் பயணிக்குத் தலைக்கு 15 லிட்டர் என்று போட்டாலும் நாளொன்றுக்கு 31 லட்சம் லிட்டர் தண்ணீர், 25 லட்சம் லிட்டர் கழிவு. ஊரின் அன்றாடக் கழிவில் ஏழில் ஒரு பங்கு கூடுதல். குழாய்கள் 48 நாள் அதைச் சுமந்தன. சாயப்பட்டறைத் தண்ணீர் இந்தக் கணக்கில் இல்லை. கச்சாப் பட்டை வேகவைத்துக் கோந்து எடுக்கும்போது எடையில் ஏறத்தாழ கால் பங்கு கரைந்து போகும்: 100 கிலோ நூலுக்கு 25 கிலோ கோந்து, சோப்பும் சோடாவும் சேர்ந்த வெந்நீரோடு. அதுவும் ஏதோ ஒரு கால்வாயில்தான் இறங்குகிறது.

ஊர் தட்டை. இதுதான் குழாய் பதிப்பவருக்குத் தலைவலி. தெருவின் தொடக்கத்தில், நொடிக்கு 2 லிட்டரே ஓடும் 150 மி.மீ. குழாயில் மலம் தங்காமல் போக, 1,000 மீட்டருக்கு 6 மீட்டர் சரிவு வேண்டும். ஓட்டம் பெருகப் பெருகச் சரிவு குறையலாம். நொடிக்கு 10 லிட்டர் வந்துவிட்டால் 2 மீட்டர் போதும். ஆனால் முதல் 200 மீட்டரிலேயே குழாய் 1.2 மீட்டர் கீழே இறங்கிவிடும். தெருமுனையில் 1.2 மீட்டர் ஆழத்தில் தொடங்கினால் மறுமுனையில் 2.4. வீட்டு அஸ்திவாரமோ மூன்றடி, 0.9 மீட்டர். ஆக, குழாய்க்குத் தோண்டும் பள்ளம் அஸ்திவாரத்துக்குக் கீழே ஒன்றரை மீட்டர் போகிறது. அஸ்திவாரத்தின் அடியிலிருந்து 45 பாகைச் சாய்வில் ஒரு கோடு போட்டு, பள்ளம் அந்தக் கோட்டுக்குள் வருகிறதா என்று பார்ப்பது பொறியாளர் வழக்கம். இங்கிலாந்தின் விதி இதைச் சுருக்கமாகச் சொல்கிறது: பள்ளம் அஸ்திவாரத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் வந்தால், அஸ்திவாரத்தின் அடிமட்டம் வரை பள்ளத்தைக் கான்கிரீட்டால் நிரப்பு. முக்கால் மீட்டர் அகலப் பள்ளத்துக்கு 6 மீட்டர் முகப்பில் ஒன்றரை மீட்டர் உயரம்: 6.75 கனமீட்டர். நாம் தொடக்கத்தில் பார்த்த வாசல் சிலாப்பைப் போல பன்னிரண்டரை மடங்கு. திண்ணையையும் தூணையும் தெருவுக்குள் தள்ளிக் கட்டியவர், தம் வீட்டுக்கு முன்னால் குழாய்ப் பணியின் செலவை இந்த அளவுக்கு ஏற்றுகிறார். ஒப்பந்ததாரர் அந்தக் கான்கிரீட்டை ஊற்றாமல் மண்ணைத் தள்ளிவிட்டுப் போனால், விரிசல் அவர் வீட்டில் விழும்.

குழாய் ஓடத் தொடங்கியபின் மூடிகள். ஆள் இறங்க முடியாத சிறு குழாய்களில் 30 மீட்டருக்கு ஓர் ஆள்நுழைக் குழி என்பது கையேட்டுக் கணக்கு. அடைப்பு எடுக்கும் ஜெட்ராடிங் வண்டியின் குழாயை இரு முனையிலிருந்தும் விட்டால் ஒவ்வொன்றும் 15 மீட்டர் போனால் போதும். ஒரு மூடி போர்ட்டிகோ டைல்ஸுக்கு அடியில் போய்விட்டால் இடைவெளி 60 மீட்டர். அடுத்ததும் போனால் 90. அடைப்பு எங்கே என்று தேடுவதே ஒரு நாள் வேலை. மூடியிலும் ரகம் உண்டு: இந்தியத் தரத்தில் கான்கிரீட் மூடிகள் 2.5 டன், 10 டன், 20 டன், 35 டன் என நான்கு. நடைபாதைக்கான 2.5 டன் மூடியை ராஜ வீதியில் போட்டால் முதல் மணல் லாரியிலேயே உடையும். உடைந்ததை மறைக்க ஒருவர் கல் பலகை போடுவார், அதன் மேல் தார் விழும், மூடி காணாமல் போகும். தேர் ஓடும் வீதிகளில் 35 டன் மூடிக்குக் கீழே பேச்சே கூடாது.

பெரிய தொகைகளுக்கு வந்தால், தெருக் கால்வாய்களின் தாய்க் கால்வாய் மஞ்சள் நீர் கால்வாய். கைலாசநாதர் கோயில் பக்கம் தொடங்கி ஊரின் நடுவே ஓடி நத்தப்பேட்டை ஏரிப் பக்கம் போகிறது. மழைநீருக்கு என்று இருந்தது சாக்கடையாகி, இருபுறமும் சுவர் நெருங்கி, மேலே சிலாப் விழுந்து குறுகியது. அதைச் சீரமைக்க ஒதுக்கிய தொகை 40 கோடி ரூபாய். நீளம் ஆறு கிலோமீட்டர் அளவு. மீட்டருக்கு 60,000 ரூபாய்க்கு மேல். அதே 20 அடி முகப்புக்கு அந்த விலையைப் போட்டால் 3 லட்சத்து 60 ஆயிரம். இரண்டும் ஒரே அளவுக் கால்வாய் அல்ல என்பது தெரிந்தே இதைச் சொல்கிறேன். ஆனால் 350 ரூபாய்க் கொக்கியைத் தவிர்த்த ஊர் கடைசியில் எந்த வரிசையில் செலவு செய்ய வேண்டியிருக்கிறது என்பதற்கு இது ஓர் அளவுகோல்.

வேகவதி ஆற்றங்கரையில் கணக்கு இன்னும் கனமானது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, கரையில் குடியிருந்தவர்களை மாற்றக் கீழ்கதிர்பூரில் 2,112 அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. திட்டச் செலவு ஏறத்தாழ 190 கோடி, வீட்டுக்கு 9 லட்சம். இந்த 9 லட்சத்தில் ஒன்று அடங்காது: மேல்மாடியில் தறிக்குழி தோண்ட முடியாது. குழித்தறியை விட்டு மேல்தறிக்கு மாறலாம், மாறினவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் உயரமும் நீளமும் உள்ள அறை வேண்டும். ஆற்றின் ஓட்டத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாற்று வீட்டின் வரைபடத்தில் ஒரு தறி நிற்கும் நீளத்தை வரையாமல் விட்டது இந்த ஊருக்குப் பொருந்தாத சிக்கனம்.

மூடிய சாக்கடையின் இன்னொரு செலவை யாரும் சதுர அடியில் எழுத முடியாது. காற்றுப் போகாத இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு சேரும். பத்து லட்சம் பங்குக் காற்றில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்து, நாற்றம் தெரியாமல் போகும். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சில் நினைவு தப்பும். 2019 மார்ச் 26 அன்று இதே மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு கழிவுநீர்த் தொட்டியில் ஆறு பேர் இறந்தார்கள். ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர் என்று இறங்கியவர்கள், அவர்களில் ஒரு தந்தையும் இரு மகன்களும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள்ளோ தொட்டிக்குள்ளோ ஆளை இறக்குவதை 2013-ன் சட்டம் தடை செய்கிறது: முதல் முறைக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. வண்டியின் குழாய் நுழைய வழியுள்ள சாக்கடையில் ஆளை இறக்கும் தேவை பெரும்பாலும் எழாது. வழியை அடைத்த சிலாப்புக்குச் சொந்தக்காரர் பெயர் அந்த 30 லட்சத்துக்கான எந்தக் காகிதத்திலும் இருக்காது.

சேர்த்துக்கொண்ட ஊர்களுக்குப் பாதாள சாக்கடை நீளும்போது இதே கணக்கு ஓரிக்கையிலும் செவிலிமேட்டிலும் மறுபடி தொடங்கும். அங்கே பள்ளம் தோண்டும் நாளன்று வீட்டுக்காரர் டேப்போடு வாசலில் நின்று மூன்று அளவு எடுத்துக்கொள்ளலாம்: சுவரிலிருந்து குழாயின் நடுக்கோடு எத்தனை அடி, தரையிலிருந்து குழாய் எத்தனை அடி ஆழம், இருபக்கமும் அடுத்த மூடி எத்தனை அடி. கதவு எண்ணுக்குக் கீழே பெயின்டால் எழுதினால் போதும். தெருவில் பத்து வீட்டில் எழுதியிருந்தால், தார் விழுந்து மூடி மறைந்த பிறகும் ஜெட்ராடிங் வண்டிக்காரர் கடப்பாரையைச் சரியான இடத்தில் போடுவார்.